செங்கை ஆழியான் என்னும் கதைக்காரர்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பாடல்பெற்ற திருக்கேதீச்சரம் எமது மாவட்டத்திலே இருக்க, நாயன்மார் வரலாறும் புராணமும் பேசப்பட்டு வரும் இம்மேடையிலே, கதைப்புத்தகம் எழுதிய ஒருவரைப் பற்றி நாம் பேச முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருத்தல் கூடும். எமது வாசிகசாலைக்கு நூல்கள் சேர்ப்பது பற்றிய ஆலோசனை நடந்தபொழுது, "சமய நூல்களும் பரீட்சை நூல்களும் போதும், கதைப்புத்தகங்கள் பிள்ளைகளின் நேரத்தைத் தின்றுவிடும்" என்று பெரியோர் சிலர் கருத்துரைத்தனர். அவர்கள் மீது எமக்குள்ள மரியாதைக்குக் குறைவில்லை. ஆயினும் அக்கருத்துக்கு மறுமொழி ஒன்று உண்டு. அதனைப் பொதுப்பட உரைப்பதிலும், ஒரே ஒரு கதைக்காரரை எடுத்து, அவர் எழுதியவை எத்தகையன என்று இச்சபை முன் விரித்து வைப்பதே நேர்மை என்று கருதுகின்றோம்.

செங்கை ஆழியான் என்பது புனைபெயர். இயற்பெயர் கந்தையா குணராசா. 1941ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25ஆம் நாள் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே பிறந்தவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே கற்று, பேராதனைப் பல்கலைக்கழகத்திலே புவியியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றவர். பின்னர் கலாநிதிப் பட்டமும் பெற்றவர். அரச நிருவாக சேவையிலே சேர்ந்து துணுக்காய், கிளிநொச்சி முதலிய இடங்களிலே அதிகாரியாகக் கடமையாற்றியவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பதிவாளராகவும், யாழ்ப்பாண மாநகர ஆணையாளராகவும் இருந்தவர். 2016ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் மறைந்தார். நாவல்கள் மட்டுமே முப்பதைத் தாண்டும். சிறுகதைகளும், நகைச்சுவைக் கதைகளும், சரித்திரக் கதைகளும், பாடசாலைப் பிள்ளைகளுக்கான புவியியற் பாடநூல்களும், வரலாற்று ஆய்வுகளும், தொகுப்பு நூல்களும் வேறு. கந்தோரிலே பகல் முழுதும் கோவைகளைப் புரட்டிய ஒருவர் இவ்வளவையும் எப்பொழுது எழுதினார் என்று எண்ணும்பொழுது, பல்கலைக்கழகத்திலே ஒரு கட்டுரை எழுதுவதற்கே மூன்று வாரம் தவணை கேட்கும் எம்போன்றோர் வெட்கப்பட வேண்டியதுதான்.

இவரை வளர்த்த காலத்தையும் சிறிது அறிதல் வேண்டும். 1970களின் தொடக்கம் வரையில் ஈழத்துத் தமிழ் வாசகரின் கைகளிலே பெரும்பாலும் தென்னிந்தியச் சஞ்சிகைகளே இருந்தன. அந்தக் கதைகளிலே வரும் தெருக்கள் சென்னைத் தெருக்கள். வரும் ஆறு காவிரி. அப்பொழுது வந்த அரசாங்கம் சஞ்சிகை இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வாசகர் பசி மட்டும் கட்டுப்படவில்லை. அந்தப் பசிக்கு உணவளிக்க வீரகேசரிப் பிரசுரம் என்ற வரிசை தோன்றி, குறைந்த விலையிலே ஈழத்து நாவல்களை மாதந்தோறும் போல வெளியிட்டது. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வந்ததும் அதிலேதான். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' வந்ததும் அதிலேதான். இரண்டும் 1973ஆம் ஆண்டு. புகையிரதத்திலும் பேருந்திலும் வாசிக்கப்பட்ட புத்தகங்கள் இவை. தலையணைக்குக் கீழே இருந்தவை. ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்கு வேலிக்கு மேலாலே கைமாறியவை. இத்தகைய புத்தகங்களைத்தான் விமர்சகர் சிலர் ஜனரஞ்சகம் என்று சற்று முகஞ்சுளித்துச் சொல்வர். சனங்கள் விரும்பியது ஒரு குற்றமா என்று நாம் கேட்கின்றோம். எமது வாசகன் முதன்முறையாகத் தன் ஊர்ப் பெயரை அச்சிலே கண்டு மகிழ்ந்த காலம் அது.

'வாடைக்காற்று' பற்றிச் சற்று விரிவாகப் பேச அனுமதி வேண்டுகின்றோம். மன்னாருக்கு அது மிகவும் வேண்டிய கதை.

கதை நடக்குமிடம் நெடுந்தீவு. சோளகம் ஓய்ந்து வாடை எழும் பருவத்திலே, வேறு கரைகளைச் சேர்ந்த மீனவர்கள் தோணியும் வலையுமாக அத்தீவுக்கு வருகின்றனர். கரையிலே வாடி போடுகின்றனர். பருவம் முடியும் வரை அங்கேயே தொழில். அதே காற்றோடு பருவப் பறவைகளும் வருகின்றன. வந்தவர்களுக்கும் தீவின் மண்ணிலே பிறந்தவர்களுக்கும் இடையிலே கொடுக்கல் வாங்கலும், உறவும், மனத்தாங்கலும் தொடங்குகின்றன. நாகம்மா என்னும் தீவுப் பெண்ணுக்கும், வாடிக்காரனான செமியோனுக்கும் இடையிலே அன்பு அரும்புகின்றது. பெயர்களைக் கேட்டவுடனேயே இச்சபையிலுள்ள பெரியோர் விஷயத்தை விளங்கிக்கொண்டிருப்பீர்கள். ஒன்று சைவ வீட்டுப் பெயர். மற்றது வேதக்காரர் வீட்டுப் பெயர். முடிவு என்னவாயிற்று என்று நாம் இங்கே சொல்லமாட்டோம். வாசித்து அறிவதே முறை.

மன்னாரிலே பிறந்த ஒருவர் இதனை வாசிக்கும்பொழுது நெடுந்தீவு எங்கோ உள்ள தீவாகத் தோன்றுவதில்லை. வாடையும் சோளகமும் கச்சானும் பார்த்துத் தொழில் செய்யும் கரைகள்தாமே பேசாலையும் வங்காலையும் சிலாவத்துறையும்? பருவத்துக்குப் பருவம் வெளியூர்த் தோணிகள் வந்து எமது கரைகளிலே வாடி போடுவதும், அதனாலே வாக்குவாதங்கள் எழுவதும், எழுந்தவை சில சமயம் கந்தோர் வரை போவதும் எமது பெற்றோர் அறிந்தவைதாமே? வாடை எழுந்தவுடன் தூரதேசத்துப் பறவைகள் வந்திறங்கும் வங்காலைச் சரணாலயம், உலகம் மதிக்கும் ரம்சார் ஈரநிலங்களின் வரிசையிலே 2010ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. கட்டுக்கரைக் குளத்திலும் நாம் அவற்றைக் காண்கின்றோம். ஆனாலும் பறவையின் வரவையும் மனிதனின் வரவையும் ஒரே காற்றிலே சேர்த்துப் பார்க்க ஒரு கதைக்காரர் வேண்டியிருந்தது.

சைவரும் கத்தோலிக்கரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலே வாழும் மாவட்டம் இது. நாம் கற்றதும் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றிலேதான். காலையிலே வீட்டிலே திருநீறு பூசிக்கொண்டு போய், பள்ளியிலே அவர்களுடைய செபம் முடியும் வரை கைகட்டி நின்ற பிள்ளைகள் இச்சபையிலே எம்மைப்போலப் பலர் உளர். அதனாலே எமது சமயம் தேய்ந்துபோகவில்லை; அவர்கள் மீதுள்ள நட்பும் தேய்ந்துபோகவில்லை. ஆயினும் இரு சாராருக்கும் இடையிலே மனத்தாங்கல் வரும் நாட்களும் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. அந்த நாட்களிலே மேடைகளிலே பேசப்படும் பேச்சை நாம் கேட்டிருக்கின்றோம். செங்கை ஆழியான் அத்தகைய பேச்சு ஒன்றையும் தமது கதையிலே எழுதவில்லை. எல்லா மதமும் ஒன்றே என்ற உபதேசமும் அங்கே இல்லை. தண்ணீர் அள்ளப் போகும் பெண்ணையும், வலை காயப்போடும் ஆணையும் காட்டுகின்றார். அவர்களைச் சுற்றியுள்ளவர்களின் கோபத்துக்கும் நியாயம் இருக்கும்படி காட்டுகின்றார். சைவ வாசகன் செமியோனுக்காக இரங்குகின்றான். கத்தோலிக்க வாசகன் நாகம்மாவின் வீட்டாருடைய மான உணர்ச்சியை விளங்கிக்கொள்ளுகின்றான். இதனை எமது வாசிகசாலையிலே வைப்பதனால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா என்று பெரியோர்களைப் பணிவுடன் கேட்கின்றோம்.

இந்நாவல் 1978ஆம் ஆண்டு திரைப்படமாகவும் வந்தது. பிரேம்நாத் மொறாயஸ் நெறிப்படுத்தினார். திரைக்கதை வசனம் எழுதியவர் செங்கை ஆழியானின் பேராதனைக்கால நண்பர் செம்பியன் செல்வன். பைலாப் பாடல்களாலே புகழ்பெற்ற ஏ. ஈ. மனோகரன் அதிலே நடித்தார். ஈழத்துத் தமிழ்ப் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியனவாக இருந்த காலத்திலே, ஈழத்து நாவல் ஒன்று படமாகியது சிறு காரியமன்று.

இனி அவருடைய உத்தியோகம் அவருக்குக் கொடுத்த நூல் ஒன்றைச் சொல்வோம். அதிகாரியாக இருந்தவர்கள் ஓய்வுபெற்றபின் எழுதும் நினைவுக் குறிப்புகளிலே தாம் கட்டிய பாலங்களும் திறந்த கட்டடங்களும் நிறைந்திருக்கும். செங்கை ஆழியான் வேறு விதமாகச் செய்தார். வன்னியிலே காடு வெட்டிக் குடியேறிய ஏழைக் கமக்காரர் எவ்வாறு உத்தியோகத்தராலும் முதலாளிமாராலும் பெரிய மனிதராலும் சுரண்டப்படுகின்றனர் என்பதைக் 'காட்டாறு' என்ற நாவலாக எழுதினார். அதிகாரியின் நாற்காலியிலே இருந்தவர் அந்த நாற்காலியையே கதைக்குள் இழுத்து விட்டார். காணி அனுமதிப்பத்திரம் எப்படித் தாமதமாகின்றது, நிவாரணம் எந்தக் கைகளிலே தங்கிவிடுகின்றது என்பவற்றை வெளியிலிருந்து ஊகித்து எழுதுவது கடினம். உள்ளே இருந்தவருக்கு அது தினக்கடமை.

கட்டுக்கரைக் குளத்துக் கமக்காரரின் பிள்ளைகளாகிய எமக்கு இந்நாவல் சுடும். தேக்கத்திலே அருவி ஆற்றை மறித்து வாய்க்கால் வழியே கொண்டுவரும் தண்ணீர் எந்தக் கிழமை எந்த வயலுக்கு என்பதிலே எத்தனை குடும்பங்களின் வருஷம் அடங்கியிருக்கின்றது! காலபோகம் பிழைத்த வருஷத்திலே பசளைக் கடன் எங்கே போய் நிற்கும் என்பதைப் பெரியோர்கள் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'காட்டாறு' எமது குளத்தைப் பற்றியதன்று. ஆனாலும் வாசித்து முடிந்தபின், கமக்காரர் கூட்டத்திலே பேசப்படாமல் விடப்படுவது எது என்று காதுகொடுக்கப் பழகிவிடுவோம்.

சிரிப்புக் கதைகளும் இவர் எழுதினார். 'ஆச்சி பயணம் போகிறாள்' என்ற நூலிலே, யாழ்ப்பாணத்துக் கிராமத்து ஆச்சி ஒருத்தி வீட்டுப் படலையைத் தாண்டித் தென்னிலங்கை நோக்கிப் புறப்படுகின்றாள். ஆச்சியின் வாய்க்கும் உலகத்துக்கும் நடக்கும் போர்தான் கதை. எமது வீட்டு ஆச்சிமாரும் இதற்குக் குறைந்தவர்கள் அல்லர் என்பதை இங்கே சொல்லிவைப்பதிலே ஆபத்து இருப்பதனால் விடுகின்றோம். 'முற்றத்து ஒற்றைப் பனை' அளவிலே சிறியது. ஆனாலும் யாழ்ப்பாணத்து முற்றத்தின் மணம் முழுவதும் அதிலே உண்டு. 'நடந்தாய் வாழி வழுக்கியாறு' என்ற நூல் இன்னொரு வகை. குடாநாட்டிலே ஆறு என்று சொல்லத்தக்க ஒன்றே ஒன்று வழுக்கியாறு. அதுவும் மாரியிலே மட்டும் ஓடி, கோடையிலே வயலும் தரவையுமாகக் கிடப்பது. அந்த ஆற்றின் போக்கிலே நடந்து, கரையோர ஊர்களையும் மனிதரையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுகின்றார். புவியியல் ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்கு வெளியே வந்து கதை சொன்னால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கின்றது.

சரித்திரப் பின்னணியிலே 'நந்திக்கடல்', 'கடல் கோட்டை' ஆகியவற்றை எழுதினார். இவற்றை நாம் விரைவாகவே கடந்து போகின்றோம். அரசரும் தளபதிகளும் பேசும் பேச்சு, அவருடைய வாடிக்காரரும் கமக்காரரும் பேசும் பேச்சுப்போல உயிருடன் இல்லை என்பது எமது எண்ணம். வன்னிக் காட்டை வைத்து எழுதிய 'யானை' இவற்றிலும் பல மடங்கு நல்லது. பேராதனை மாணவர் வாழ்க்கையைச் சொல்லும் 'கங்கைக் கரையோரம்' இன்றைய பல்கலைக்கழக மாணவர் வாசித்தால் சற்று இனிப்பு அதிகம் என்பர். மகாவலிக் கரையிலே நடப்பது அவ்வளவு இனிமையானது என்று நாமும் முதலாம் வருஷம் தொடங்க முன்னர் நம்பியிருந்தோம்!

குறைகள் இல்லையா? உண்டு. வேகமாக எழுதியவர், அந்த வேகம் சில நூல்களின் கடைசி அத்தியாயங்களிலே தெரிகின்றது. பெண் பாத்திரங்கள் சிலர் அளவுக்கு மீறி அழகிகளாகவும் பொறுமைசாலிகளாகவும் வருகின்றனர். தொடர்கதைக்காக எழுதப்பட்டவற்றிலே, அடுத்த வாரம் வரை வாசகனைப் பிடித்து வைப்பதற்கான சூட்சுமங்கள் புத்தகமாக வந்தபின்னும் அப்படியே கிடக்கின்றன. இவற்றை மறைத்து ஒருவரைப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இனிச் சொல்லப்போவது கதையன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. அந்த அழிவை '12 மணி நேரம்' என்ற நூலிலே பதிந்து வைத்தார். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவும் அதனைத் தொடர்ந்தும் யாழ்ப்பாணம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் சாம்பலாகியது. யாழ்ப்பாணத்திலே நடந்த சம்பவங்களை, நேரத்தையும் இடத்தையும் குறித்து, '24 மணி நேரம்' என்ற நூலாக எழுதியவரும் இவரே. அட்டையிலே செங்கை ஆழியான் என்ற பெயர் இல்லை. நீலவண்ணன் என்ற பெயர் இருந்தது. அவர் அப்பொழுது அரசாங்க உத்தியோகத்தர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த அட்டையைப் பார்த்தல் வேண்டும்.

நாம் இந்த நூலைப் பல நாட்கள் எண்ணிப் பார்த்திருக்கின்றோம். நாகம்மாவையும் ஆச்சியையும் எழுதிய அதே கைதான் அதனையும் எழுதியது. ஆனால் அதிலே காதல் இல்லை, சிரிப்பு இல்லை, அலங்காரம் இல்லை. எந்தத் தெருவிலே எந்தக் கட்டடம் என்ற கணக்கு உண்டு. வாசகர் கூட்டத்தைக் கதைகளாலே சேர்த்து வைத்திருந்தவர், சாட்சி சொல்லவேண்டிய நாள் வந்தபோது அந்தக் கூட்டத்துக்கு முன்னாலே சாட்சி சொன்னார். கதைப்புத்தகம் நேரத்தைத் தின்னும் என்று சொல்பவர்களுக்கு எமது மறுமொழியின் நடுப்பகுதி இதுதான். ஜனரஞ்சகக் கதைகள் சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கையின் மேலேதான் '24 மணி நேரம்' கைக்குக் கைமாறி வாசிக்கப்பட்டது.

நூலகம் எரிந்ததைப் பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் தேடி, 'மறுமலர்ச்சிச் சிறுகதைகள்', 'ஈழகேசரிச் சிறுகதைகள்' எனத் தொகுத்தார். தம்மை விட மூத்த எழுத்தாளரின் கதைகள் மக்கிப்போன தாள்களிலிருந்து புத்தகமாக எழுந்தன. 'ஈழத்துச் சிறுகதை வரலாறு' என்ற பெரிய நூலையும் எழுதினார். தமது கதைகளைத் தாமே விளம்பரம் செய்யும் எழுத்தாளர் மலிந்த உலகத்திலே, பிறர் கதைகளுக்காகப் பழைய கட்டுகளின் தூசியைத் தட்டியவர் அவர்.

பெரியோர்களே, எமது மாவட்டத்து வீடுகளிலும் புத்தகங்கள் இருந்தன. 2007, 2008ஆம் ஆண்டுகளிலே இப்பக்கத்து ஊர்கள் இடம்பெயர்ந்தபொழுது, நெல்மூட்டையையும் பிள்ளைகளையும் சுமந்தவர்கள் புத்தகத்தையும் சுமந்திருக்க முடியாது. திரும்பி வந்தபொழுது கூரையே இல்லாத இடத்திலே அலுமாரி எங்கே இருக்கும்? அப்படிப்போன வீரகேசரிப் பிரசுரங்கள் எத்தனையோ. இன்று செங்கை ஆழியானின் நூல்களிலே பலவற்றைக் கடைகளிலே கேட்டால் இல்லை என்பதே பதில். நல்ல வேளையாக, நூலகம் என்ற பெயரிலே இயங்கும் எண்ணிம நூலகத்திலே அவற்றிலே பல சேர்க்கப்பட்டுள்ளன, கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். ஆயினும் பத்து வயதுப் பிள்ளையின் கையிலே அந்தக் கருவியைக் கொடுத்தால் பிள்ளை கதையை வாசிக்குமா வேறொன்றைப் பார்க்குமா என்பதை இங்கு வந்திருக்கும் தாய்மார் நன்கு அறிவர். ஆகவே தாளிலே அச்சிட்ட புத்தகமும், அதனை வைக்க ஓர் அலுமாரியும் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. கட்டுக்கரையை எவரும் இன்னும் இவ்வாறு எழுதவில்லை. மன்னார்த்தீவின் கடற்கரை மனிதரை எஸ். ஏ. உதயன் 'லோமியா' முதலிய நாவல்களிலே எழுதித் தந்தார். குளத்துப் பக்கம் வெறுமையாகவே இருக்கின்றது. 2016, 2017ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பேராசிரியர் புஷ்பரட்ணம் தலைமையிலே கட்டுக்கரையிலே அகழ்வாய்வு செய்தபொழுது, சுடுமண்ணாலே செய்த யானையும் குதிரையும் எருதும் நாகமும் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. அவற்றை வனைந்து, நேர்ந்து, அந்த இடத்திலே வைத்த மக்கள் யார்? என்ன மழைக்காக வேண்டினர்? ஆய்வாளர் ஓடுகளை எண்ணி அளந்து எழுதுவர். அது அவர்களின் கடமை. அந்தக் குதிரையைக் கையிலே ஏந்திப்போன தாயின் முகத்தைக் காட்டுவது கதைக்காரரின் வேலை. அந்தக் கதைக்காரர் இச்சபையிலே பின்வரிசையிலே இருக்கும் பிள்ளைகளில் ஒருவராக இருக்கலாம். அவருக்கு வாசிக்க ஒன்றும் கொடுக்காமல் எழுது என்று எப்படிச் சொல்வது?

எந்த நூலை முதலிலே வாசிப்பது என்று வாலிபர் சிலர் ஏற்கெனவே எம்மிடம் கேட்டுள்ளனர். பொதுவாக எல்லார்க்கும் 'வாடைக்காற்று'. உத்தியோகம் பார்க்கப் போகிறவர்களும், கமக்காரர் சங்கங்களிலே பதவி வகிப்பவர்களும் 'காட்டாறு' வாசித்தல் நன்று. பெரியோர்களுக்கு 'ஆச்சி பயணம் போகிறாள்' கொடுக்கலாம். பெரிய எழுத்திலே கிடைத்தால் இன்னும் நல்லது. '24 மணி நேரம்' பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கு. அலுமாரிக்கான பலகையைத் தருவதாக ஓர் ஐயா விழா தொடங்க முன்னரே வாக்களித்துள்ளார். பெயரைச் சொல்லவேண்டாம் என்றும் கட்டளையிட்டுள்ளார். செயற்குழு அடுத்த கூட்டத்திலே இவ்விஷயத்தை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டு அமைகின்றோம்.